தற்காப்புக் கலையும் உடல் வலிமையும்: தொடங்கும் தங்கைமாருக்குச் சில வார்த்தைகள்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு இடைநிலைப் பிரிவு மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து வழங்கிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த மண்டபத்தில்தான் 2003ஆம் ஆண்டு நாங்கள் கராத்தே பழகத் தொடங்கினோம். அப்போது நாங்கள் தரம் 8. முதல்நாள் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வரிசையில் நின்றவர்கள் 11 பேர். மூன்றரை வருடம் கழித்து நின்றவர்கள் 2 பேர். அந்த இருவரும்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறோம். எங்களில் ஒருவர் இன்று உடற்கல்வி ஆசிரியை, மற்றவர் வைத்தியசாலையில் இயன்மருத்துவர். இருவருக்கும் பிள்ளைகளின் உடம்போடுதான் வேலை.

சங்கத்தினர் எங்களை அழைத்தபோது, "நீங்கள் எப்படிச் சாதித்தீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ" என்றார்கள். யோசித்துப் பார்த்தோம். நாங்கள் இருவரும் அந்தப் 11 பேரில் திறமைசாலிகள் அல்லர். எங்களைவிட வேகமாகக் கால் தூக்கியவர்கள், எங்களைவிடத் துணிந்தவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். அவர்கள் விட்டுப் போனார்கள், நாங்கள் விடவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே எங்களைப் பற்றிப் பேசுவதைவிட, விட்டுப்போன அந்த 9 பேரைப் பற்றிப் பேசுவதே உங்களுக்குப் பயன்படும் என்று முடிவுசெய்தோம். அவர்களில் சிலர் இன்று இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம்.

முதலில் போனவள் முழங்கால் நோவால் போனாள். பிந்தி வந்தால் தண்டனையாக மைதானத்தைச் சுற்றித் தவளைப் பாய்ச்சல் பாயவேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நோவு வந்தால்தான் பலம் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். அவள் பஸ்ஸில் வருபவள், அடிக்கடி பிந்துவாள். இரண்டு மாதத்தில் படியேற முடியாமல் முழங்கால் வீங்கியது.

தங்கைமாரே, களைப்பு வேறு, நோவு வேறு. பயிற்சி முடிந்த மறுநாள் தசை முழுவதும் இலேசாக இறுகி இருப்பது வழமை. மூட்டில் ஓரிடத்தில் குத்துவது, வீங்குவது, நடக்கும்போது நொண்டுவது வழமை அல்ல. அன்றைக்கே நிறுத்திச் சொல்லுங்கள். சொல்வது கோழைத்தனம் அல்ல.

"வளருகிற பிள்ளை பாரம் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்" என்று பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள். சரியான முறையில், மேற்பார்வையோடு செய்யும் வலுப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே இன்றைய சிறுவர் மருத்துவத்தின் முடிவு. ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், முறை தெரியாமல் தூக்குவதிலும், யாரால் அதிகம் தூக்கமுடியும் என்று போட்டிபோடுவதிலும்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலை நன்றாக இயக்கவேண்டும், அதில் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அந்த மூன்று நாளுக்கு ஒரு கருவியும் தேவையில்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் இன்று கொடுப்பது இவ்வளவுதான்.

முதலாவது, கதிரையில் இருந்தெழும்புதல். கையை ஊன்றாமல் மெதுவாக இருந்து எழும்புங்கள். முழங்கால் உள்ளே சாயாமல் பாதவிரல் பார்க்கும் திசையையே பார்க்கவேண்டும். இரண்டாவது, தண்டால். நிலத்தில் முடியாவிட்டால் வெட்கப்படவேண்டாம். சுவரில் கைவைத்துத் தொடங்குங்கள். அது இலகுவானதும் மேசை விளிம்பு, பிறகு வாங்கு, பிறகு நிலம். சுவரிலிருந்து நிலத்துக்கு வர எங்களில் ஒருவருக்கு ஏழு மாதம் எடுத்தது. மூன்றாவது, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடித்தல். 15 வினாடியில் தொடங்கலாம். நான்காவது, இரண்டு கையிலும் அரைவாளித் தண்ணீரோடு முதுகு நிமிர்ந்து முற்றத்தைச் சுற்றி நடத்தல். ஐந்தாவது, கயிறடித்தல். சத்தமில்லாமல் முன்பாதத்தில் இறங்கிப் பழகுங்கள்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. "இன்னும் இரண்டு தடவை செய்யலாம்" என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். இரண்டு வாரம் இலகுவாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். வலுப் பயிற்சி செய்த நாளுக்கு அடுத்த நாள் அதையே செய்யவேண்டாம். பயிற்சியின்போது தேய்ந்த தசை, ஓய்விலும் நித்திரையிலும்தான் திரும்பக் கட்டப்படுகிறது. உங்கள் வயதில் 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும்.

பாய்ந்து இறங்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாய்தலும் திடீரெனத் திரும்புதலும் உள்ள விளையாட்டுகளில் முழங்காலின் உள்நார் அறுவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே கூடுதலாக நடக்கிறது. இடுப்பையும் முழங்காலையும் மடித்து, மெத்தென்று இறங்கப் பழகினால் அந்த ஆபத்து குறையும். வலைப்பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவதாகப் போனவள் விழுந்ததால் போனாள். கராத்தே வகுப்பில் விழப் பழக்கவில்லை. ஒருநாள் காலை வாரியபோது பின்பக்கம் விழுந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு வெடித்தது. "கை கால் முறிஞ்சால் நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்று அவளுடைய அம்மம்மா கேட்டதோடு வகுப்பு நின்றது.

பின்னர் யூடோவைப் பற்றி அறிந்தபோதுதான் எங்கள் குறை விளங்கியது. யப்பானில் 1882இல் யூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஓர் ஆசிரியர், கல்வியாளர். அவர் வகுத்த முறையில் எறிவதற்கு முன்பே விழப் பழகவேண்டும். நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலை நிலத்தில் படாமல் காப்பது, முதுகை வளைத்து உருளுவது, கையை ஊன்றாமல் உள்ளங்கையும் முன்கையும் சேர்த்து நிலத்தில் அடித்து விழுந்த வேகத்தைப் பரப்புவது, மூச்சை வெளியே விடுவது. முதலில் குந்தியிருந்து, பிறகு நின்று, மெத்தையில் பழகவேண்டும். சீமெந்து நிலத்தில் யார் பழக்கினாலும் மறுத்துவிடுங்கள். தலையில் அடிபட்டால், பிள்ளை "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. வைத்தியரிடம் காட்டாமல் திரும்ப இறக்கக்கூடாது.

விழப் பழகிய பிள்ளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அவளுக்குப் பயம் குறைகிறது. படியில் சறுக்கினாலும் சைக்கிளில் சரிந்தாலும் உடம்பு தானாக உருளும். கற்ற தற்காப்பில் எங்களுக்கு வாழ்நாளில் அதிகம் உதவியது இதுதான்.

குத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்தினால் குத்தும்போது அதுதான் முறியும். வெளியே, விரல்களின் மேல் மடித்து வையுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். பலம் தோளிலிருந்து வருவதில்லை. எங்கள் பாட்டிமார் உரலில் மா இடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் மாறிமாறி ஒரு மணிநேரம் இடிப்பார்கள். வெறுங்கையால் உலக்கையைத் தூக்கியிருந்தால் பத்து நிமிடத்தில் களைத்திருப்பார்கள். பாதம் நிலத்தை அழுத்த, இடுப்பு அசைய, கை அதன் பின்னால் போனது. குத்தும் உதையும் அப்படித்தான்.

அடுத்துப் போனவர்கள் மூவர். மூவரும் ஒரே காரணத்துக்காகப் போனார்கள். பெரியபிள்ளையானார்கள்.

இதை இந்த மேடையில் பேசலாமா என்று எங்களுக்குள் ஒரு கிழமை விவாதம் நடந்தது. பேசாவிட்டால் இந்த உரையே தேவையில்லை என்று தோன்றியது. சாமத்தியச் சடங்கு நடந்தது, படம் எடுத்தார்கள், நாங்களும் போய்ப் பலகாரம் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவர்கள் வகுப்புக்கு வரவில்லை. "பிள்ளை பெரிசாகீட்டாள், இனி என்ன துள்ளல்?" என்பதுதான் மூன்று வீட்டிலும் சொன்ன வார்த்தை.

பெற்றோர்களே, கொஞ்சம் யோசியுங்கள். அதே நாட்களில் அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. ஏன் என்று கேட்டால், "இடுப்பு எலும்பு பலக்கவேணும்" என்கிறோம். இடுப்புப் பலக்க ஊட்டிவிட்டு, அந்த இடுப்பை அசைக்காமல் இருக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்? எலும்பு ஊட்டத்தால் மட்டும் உறுதியாவதில்லை. பாரம் தாங்கினால்தான் உறுதியாகும். பெண்ணின் எலும்புத் திணிவில் பெரும்பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. வங்கியில் பணம் போடுகிற காலம் அது. அந்தக் காலத்தில் கணக்கை மூடிவிட்டால், ஐம்பது வயதுக்குப் பின் வழுக்கி விழும்போது தொடை எலும்பு அதைச் சொல்லும்.

மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்யலாமா என்று பிள்ளைகள் இரகசியமாகக் கேட்கிறார்கள். வெளிப்படையாகவே சொல்கிறோம்: செய்யலாம். பலருக்கு இலேசான அசைவு வயிற்று நோவைக் குறைக்கும். முடியாத நாளில் இருந்து பார்க்கலாம். அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. இரத்தப்போக்கு மிகக் கூடுதலாக இருந்தாலோ, கடும்பயிற்சி தொடங்கியபின் மாதவிடாய் சில மாதங்கள் வராமல் நின்றாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்தத் தடையை எதிர்கொண்டவர்கள் எங்கள் ஊரில் மட்டும் இல்லை. கேரளத்தின் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிப்பயிற்று பழகத் தொடங்கினார். பூப்படைந்ததும் பெண்பிள்ளைகள் களரியை விட்டுவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில் அவர் விடவில்லை. எழுபது வயது கடந்தபின்னும் வாளும் கேடயமும் எடுத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கினார். 2017இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. யப்பானில் 1913இல் பிறந்த கெய்கோ ஃபுகுடா கானோவிடமே யூடோ கற்றவர். ஐந்தடிக்கும் குறைந்த உயரம். பெண்களுக்கு ஐந்தாம் நிலைக்கு மேல் கொடுப்பதில்லை என்ற விதியால் ஏறத்தாழ இருபது வருடம் அதே நிலையில் வைத்திருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, பழகினார், பழக்கினார். 2011இல், 98 வயதில், அமெரிக்க யூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் நிலையை வழங்கியது. மகளிர் யூடோ ஒலிம்பிக்கில் முறையான போட்டியாகச் சேர்ந்தது 1992இல், பார்சிலோனாவில். எங்கள் கிழக்கு மாகாணத்திலும் சிலம்படி, சீனடி என்று கலைகள் இருக்கின்றன. அவற்றையும் எங்கள் பெண்பிள்ளைகள் கையிலெடுக்கவேண்டும்.

ஆறாவதாகப் போனவள் மயங்கி விழுந்தாள். காலையில் வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கற்றும், மத்தியானம் கன்ரீன் றோல்ஸ், நாலு மணிக்குப் பயிற்சி. "கொழுப்பு" என்று வகுப்பில் யாரோ பகிடி பண்ணியதால் அவள் சாப்பாட்டைக் குறைத்திருந்தாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பகிடிக்குச் சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம். இந்த உரையில் மன்னிப்புக் கேட்க ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான்.

தங்கைமாரே, சாப்பிடாமல் வலிமை வராது. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது. 14 முதல் 18 வயதில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம். நெத்தலி, சூடை, பயறு, கடலை, உழுந்து, முருங்கையிலை எல்லாம் எங்கள் சந்தையில் கிடைப்பவை. அவற்றோடு தேசிக்காய்ப் புளியோ ஒரு கொய்யாப்பழமோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உறிஞ்சப்படுவது குறையும். ஒரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள். சிறுமீனை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். பயிற்சிக்கு ஒன்றரை மணிநேரம் முன் அவித்த கடலையோ வாழைப்பழமோ போதும். டப்பாவில் விற்கும் புரதமா வாங்கவேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். எடைப்பிரிவுக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்லும் பயிற்றுநரிடம் பிள்ளையை விடவேண்டாம்.

ஏழாவதாகப் போனவள் பட்டி கிடைக்காததால் போனாள். தரப்படுத்தலில் இரண்டு தடவை சித்தியடையவில்லை. தன்னைவிடச் சிறியவள் மஞ்சள் பட்டி கட்டியதைப் பார்க்க அவளால் முடியவில்லை. பட்டி ஒரு அடையாளம், அவ்வளவுதான். ஒகினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோ சென்று கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி தன் மாணவருக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டி கொடுத்தது 1924இல். அதற்கு முன்பும் கராத்தே இருந்தது. பட்டி இல்லாமலே இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறம் மாறும், ஒவ்வொரு நிறத்துக்கும் காசு என்று ஒரு வகுப்பு நடந்தால், பெற்றோர்கள் கொஞ்சம் நிதானிக்கவேண்டும்.

வகுப்பைத் தெரிவுசெய்ய நாங்கள் சொல்லும் அடையாளங்கள் வேறு. எந்த நாளும் பெற்றோர் வந்திருந்து பார்க்கலாமா? உடலைச் சூடேற்றித்தான் தொடங்குகிறார்களா? விழப் பழக்குகிறார்களா? நோகிறது என்றால் நிறுத்துகிறார்களா? மோதிப் பழகும்போது உயரமும் எடையும் ஒத்தவர்களைச் சேர்த்து, பற்காப்பும் கையுறையும் போடவைக்கிறார்களா? நிலையைத் திருத்தத் தொடவேண்டியிருந்தால் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் தொடுகிறார்களா? பிள்ளையைத் தனியாக மறித்துவைப்பது, வீட்டுக்குத் தெரியாமல் தொலைபேசியில் செய்தி அனுப்புவது, "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வெளியேறுங்கள். மாஸ்டர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் பரவாயில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கவேண்டும்.

கடைசி இருவரும் தாமாகப் போகவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியது. ஊரடங்கு வந்தது. பின்னேர வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அந்த வருடம் எங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை. அந்த இருவரையும் யார் குறைசொல்ல முடியும்? அரிசிக்கே வரிசையில் நின்ற காலம்.

எங்கள் வீடுகள் ஒரே ஒழுங்கையில் இருந்தன. நாங்கள் இருவரும் விடாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்; வீரம் அல்ல. விடிந்ததும் இருபது நிமிடம், வேலியோரத்தில், வெறுங்காலோடு. கதிரையில் இருந்தெழும்பினோம், சுவரில் தண்டால் போட்டோம், தெரிந்த ஒரு காட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்தோம். மாஸ்டரும் இல்லை, பட்டியும் இல்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது, நாங்கள் உண்மையாகக் கற்றது அந்த இருபது நிமிடங்களில்தான்.

"இதெல்லாம் பழகினால் ஒருத்தன் வந்தால் அடிக்கலாமா?" என்று போன கிழமை ஒரு தங்கை கேட்டாள். உண்மையைச் சொல்கிறோம். உங்களைவிட இரண்டு மடங்கு எடையுள்ள ஒருவரை இரண்டு வருடப் பயிற்சியால் வெல்லலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக்கூடாது என்பது ஃபுனாகோஷி விட்டுச்சென்ற நெறி. உங்கள் முதல் ஆயுதம் கண். ஆபத்தை முன்னரே காண்பது. இரண்டாவது குரல். பஸ்ஸில் ஒருவன் உரசினால் அடிவயிற்றிலிருந்து "கையை எடுங்கோ!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அதையும் பழகவேண்டும், பழகாத தொண்டை அந்த நேரத்தில் அடைத்துவிடும். மூன்றாவது கால், ஓடுவதற்கு. மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவனின் பெருவிரலும் மற்றவிரல்களும் சந்திக்கும் பக்கமாக முழங்கையை மடித்து, முழு உடம்போடும் திரும்பி இழுங்கள். அந்தப் பிடியில் பலவீனமான இடம் அதுதான். விடுபட்டதும் சண்டைக்கு நிற்காதீர்கள். ஆள்கள் உள்ள இடத்துக்கு ஓடுங்கள். அப்படியும் தப்ப முடியாமல் போன ஒரு பிள்ளையைப் பார்த்து, "நீ பழகினனிதானே, ஏன் அடிக்கேல்லை?" என்று யாரும் கேட்கக்கூடாது. குற்றம் செய்தவன்தான் குற்றவாளி.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வருகிற தவணையிலிருந்து இந்த மண்டபத்தில் வாரம் இருமுறை, பாடசாலை விட்டதும் ஒரு மணிநேரம், நாங்கள் இருவரும் வகுப்பு நடத்த அதிபர் அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பழைய மாணவிகள் சங்கத்திடம் நாங்கள் கேட்பது மெத்தைகள் மட்டுமே. கிண்ணங்களும் கேடயங்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் விழ முதலில் மெத்தை வேண்டும்.

அந்த 9 பேரில் தன் முழங்காலோடு முதலில் போனவள் இன்று இங்கே இருக்கிறாள். அவளுடைய மகள் இந்த வருடம் தரம் 6. "மகளை விடுவியா?" என்று கேட்டோம். "மகளை விடுறன். ஆனால் நானும் வருவன், சுவர்த் தண்டாலில இருந்து தொடங்கலாம்தானே?" என்றாள். தாராளமாகத் தொடங்கலாம். தாய்மாருக்கும் அந்தச் சுவரில் இடம் இருக்கிறது.

தங்கைமாரே, மெதுவாகத் தொடங்குங்கள். சாப்பிடுங்கள், நித்திரை கொள்ளுங்கள், நொந்தால் சொல்லுங்கள், விழப் பழகுங்கள். ஒரு மாதம் வர முடியாமல் போனால் அடுத்த மாதம் வாருங்கள். ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்கமாட்டோம். வரிசையில் உங்கள் இடத்தை வைத்திருப்போம்.